முயல் கூண்டு செட்: ராமநாதபுரம் உப்புக்காற்றுக்கு எது தாங்கும், எது தண்டம்

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் வளர்ப்பு மீன் கடைகளில் மீன்தொட்டிக்கும் லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கும் நடுவே முயல் செட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பிக்கூண்டு, அடியில் பிளாஸ்டிக் ட்ரே, பக்கத்தில் மாட்டும், முயல் நக்கிக் குடிக்கும் 500 மில்லி நிப்பிள் பாட்டில், ஒரு பாக்கெட் பெல்லட் என்னும் அழுத்திய குச்சித் தீவனம். சில கடைகளில் ஷாம்பு, சீப்பு, நகவெட்டியும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். லேபிள் கடைக்குக் கடை மாறும், சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூண்டு, கம்பியைப் பார்த்து எடுத்தால் தேறும். ட்ரே சுமார். பாட்டில் இந்த ஊர் வெயிலுக்கு அரைகுறை. ஷாம்பு தண்டம். பெல்லட்தான் சிக்கல். அது கெட்ட தீவனம் என்று சொல்லவரவில்லை. செட்டில் சாப்பாடு என்று அது ஒன்று மட்டுமே இருப்பதால், முயலுக்கு அதுதான் முழுச் சாப்பாடு என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார். பின்பக்கம் அழுக்காக, நாற்றமடிக்கும் முயலைப் பார்த்தால் பத்தில் ஒன்பது வீட்டில் குற்றம் ட்ரேயில் இருக்காது, தீவனக் கிண்ணத்தில் இருக்கும்.

கூண்டிலிருந்து தொடங்குவோம். பரவலாகக் கிடைப்பது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டு கிலோ முயல் ராத்தங்கவும் வெயில் நேரத்தில் படுக்கவும் இது போதும். நாள் முழுக்க அடைத்துவைக்கப் போதாது. தினமும் மூன்று நான்கு மணி நேரமாவது வெளியே ஓடவிட முடியாதவர்கள் மூன்றடிக்கு இரண்டடி கூண்டாகப் பார்த்து எடுங்கள்.

அளவைவிட முக்கியம் கம்பி. தரைப்பகுதி 14 கேஜ், அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். கண் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம். ஒரு அங்குலச் சதுரக் கண் என்றால் கால் உள்ளே போய் நகம் மாட்டும், முயல் மிரண்டு இழுத்தால் கால் எலும்பே முறியும். பக்கவாட்டுக்கு 16 கேஜ் போதும்.

அடுத்தது, கடைக்காரர் சொல்லாத ஒன்று. துத்தநாகப் பூச்சு வெல்டிங்குக்கு முன்பு பூசியதா, பின்பு பூசியதா? முன்பே பூசிய கம்பியை வெல்டு வைத்தால் ஒவ்வொரு சந்திப்பிலும் பூச்சு எரிந்துபோகும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் இது பெரிய குறையாகத் தெரியாது. பாம்பனிலும் மண்டபத்திலும் உப்புக்காற்று முதலில் பிடிப்பது அந்தச் சந்திப்புகளைத்தான். கூண்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப்பிடித்து, இரண்டு கம்பி சேரும் இடத்தை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். சந்திப்பு முழுக்கத் துத்தநாகம் மெழுகு மாதிரி படிந்து வழவழவென்று இருந்தால் வெல்டுக்குப் பிறகு பூசியது. சிறு கறுப்புப் புள்ளியோ பழுப்புச் சுடுதடமோ இருந்து சொரசொரத்தால் முன்பே பூசியது. கடலை ஒட்டிய வீட்டுக்கு இந்த இரண்டாவது ரகம் வேண்டாம். ஆடிக்காற்று ஒருமுறை அடித்து ஓய்வதற்குள் துரு ஏறி, தரைக்கம்பி முள்ளாகிவிடும்.

புதுக் கூண்டானாலும் நேராக முயலை விடக்கூடாது. பூச்சின்மேல் படிந்திருக்கும் வெள்ளைத் தூள் துத்தநாகம். முயல் கம்பியைக் கடிக்கிற பிராணி, அது வயிற்றுக்குள் போனால் கெடுதல். வினிகர் நனைத்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணியில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்புப் படிவைத் துடைத்தாலே கூண்டின் ஆயுள் கூடும். அதையும் கிணற்று உப்புத் தண்ணியில் செய்தால் துடைத்ததற்கு அர்த்தமில்லை.

முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். வெறும் கம்பியில் நாளெல்லாம் உட்கார்ந்தால் குதிகால் முடி உதிர்ந்து, சிவந்து, புண்ணாகும். செட்டில் இதற்கு ஒன்றும் தருவதில்லை. சில கடைகளில் தனியாக விற்கும் பிளாஸ்டிக் தரைத்தட்டு வழுக்கும், கடித்தால் துண்டு துண்டாக வரும். பனங்காட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை வாங்க வேண்டியதில்லை. சாயம் போடாத பனையோலைத் தடுக்கு ஒன்றைக் கூண்டின் பாதித் தரைக்கு வெட்டிப் போடுங்கள். காற்று புகும், கால் வழுக்காது, கடித்தாலும் மோசமில்லை. நனைந்ததும் எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பச்சை, ஊதா நிறம் ஏற்றிய தடுக்கை மட்டும் தவிர்க்கவும். மீதிப் பாதிக் கம்பியை மூடக்கூடாது, மூத்திரம் இறங்க அதுதான் வழி.

ட்ரே இரண்டு அங்குல ஆழம். ஒரு முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கை போடும். உலர்ந்த புழுக்கைக்கு வாடை இல்லை, நாறுவது மூத்திரம். அதனால் ட்ரேயில் போடும் பொருள் உறிஞ்ச வேண்டும். நான்கு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் இரண்டு கைப்பிடி வைக்கோல் போதும், தினமும் காலையில் சுருட்டி எடுத்தால் ஐந்து நிமிட வேலை. மரமில் தூள் மலிவுதான், ஆனால் எந்த மரம் என்று தெரியாது, நுண்தூசி மூக்கில் ஏறித் தும்மல் வைக்கும். தென்னைநார்க் கழிவு நன்றாக உறிஞ்சும். அதிலும் தூசி உண்டு, ட்ரேக்கு மட்டும் சரி, முயல் படுக்கும் இடத்துக்கு வேண்டாம்.

சாம்பலையும் சுண்ணாம்பையும் தூவி நாற்றத்தை அடக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. காய்ந்த இடத்தில் அது பூச்சியைத் தடுக்கலாம். மூத்திர ஈரத்தில் விழுந்தால் நேர்மாறு. இரண்டுமே காரம், காரம் பட்டால் மூத்திரத்திலிருந்து அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். நின்றபடி மோந்து பார்த்து ‘நாற்றமே இல்லை’ என்று சொல்லாதீர்கள். குனிந்து, முயலின் மூக்கு இருக்கும் மட்டத்தில் மோந்து பாருங்கள். கண் கரித்தால் ட்ரே ஒரு நாள் தாமதம்.

முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதனால் ட்ரேயில் வெள்ளையாகக் கெட்டித்துப் படியும். சோப்புத்தூள் அதை அசைக்காது. வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஊற்றி இருபது நிமிடம் விட்டால் நுரைத்து இளகும். பழைய தோசைத்திருப்பியால் சுரண்டினால் பாளமாக வந்துவிடும். நன்றாகக் கழுவிய பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிளீச்சிங் பவுடரை வினிகரோடும் சேர்க்கக்கூடாது, மூத்திரம் கிடக்கும் ட்ரேயிலும் போடக்கூடாது. இரண்டிலும் விஷவாயு வரும். குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைக்கு பிளீச்சிங் பவுடர் ஒரு பொருட்டே இல்லை. அதற்குக் கொதிக்கும் தண்ணியும் நல்ல வெயிலும்தான் மருந்து. கொதிநீரைக் கம்பித் தரையில் ஊற்றலாம். இந்தப் பிளாஸ்டிக் ட்ரேயில் ஊற்றினால் படகு மாதிரி வளைந்துவிடும், பிறகு கூண்டுக்கு அடியில் செருகவே முடியாது.

பாட்டில் பற்றி இரண்டு புகார். ஒன்று, மதியம் தானாக ஒழுகுவது. வாஷர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பார்கள். உண்மையில் பாதி காலியான பாட்டிலுக்குள் இருக்கும் காற்று வெயிலில் விரிந்து தண்ணியை வெளியே தள்ளுகிறது. முழுக்க நிரப்பி நிழல்பக்கம் மாட்டினால் ஒழுகல் குறையும். இரண்டாவது புகார், முனையில் இருக்கும் எஃகுக் குண்டு இறுகிப்போவது. இது உப்புத் தண்ணியின் வேலை. பாட்டில் நிறையத் தெரியும், முயல் நக்கி நக்கிப் பார்த்து ஒரு சொட்டும் வராமல் ஓய்ந்துபோகும். காலையும் மாலையும் விரலால் குண்டைத் தட்டிப் பார்ப்பது தவிர வேறு பாதுகாப்பு இல்லை. உள்ளே பாசி பிடித்தால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணியும் போட்டுக் குலுக்குங்கள், பிரஷ் எட்டாத மூலையும் சுத்தமாகும். ஊற்றுவது காவிரிக் கூட்டுக் குடிநீராகவோ வீட்டில் குடிக்கும் தண்ணியாகவோ இருக்கட்டும். இரண்டு கிலோ முயலுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லி வேண்டும், சித்திரை வைகாசியில் அதற்கும் மேல். கூடவே கனமான மண்சட்டி ஒன்றிலும் தண்ணி வையுங்கள். முயலுக்கு நக்குவதைவிடக் குனிந்து குடிப்பதுதான் எளிது, மண்சட்டித் தண்ணி குளிர்ந்தும் இருக்கும்.

இனி பெல்லட். பாக்கெட்டைத் திருப்பி நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். வளர்ந்த முயலுக்கு 18 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, புரதம் 12 முதல் 16 போதும். மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, கலர் கலர் உருண்டை கலந்த ரகம் கண்ணுக்கு அழகு. முயல் அதில் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கும். பச்சையோ பழுப்போ, ஒரே நிற ரகமாக வாங்குங்கள். இந்தக் கடற்கரை ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். நல்ல பெல்லட்டை ஒடித்தால் ‘படக்’ என்று ஒடியும். நசுங்கினாலோ, பாக்கெட்டின் அடியில் மாவாகக் கொட்டிக்கிடந்தாலோ, புழுங்கல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். டப்பா இருந்தால் எலியும் வராது.

அளவு: வளர்ந்த முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், அதற்கு மேல் இல்லை. இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம். மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு டம்ளரில் கொட்டி, அந்த மட்டத்தில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கண் திட்டத்தில் போட்டால் கை எப்போதும் கூடத்தான் போடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்தக் கணக்கு இல்லை, வளர்கிற வயசு, தாராளமாக வைக்கலாம். வேறு பெல்லட்டுக்கு மாற்றும்போது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள்.

பெல்லட் அளவை மீறினால் என்ன ஆகும்? முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை. மற்றது சின்னத் திராட்சைக்கொத்து போலப் பளபளப்பாக, மென்மையாக வரும். அதை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். அது நோய் இல்லை, முயலுக்கு வேண்டிய சத்தில் ஒரு பங்கு அப்படித்தான் கிடைக்கிறது. மாவுச்சத்து கூடினால் பெருங்குடல் முனையில் நடக்கும் புளிப்பு கெட்டு, அந்தக் கொத்து களியாகிவிடும். வயிறு நிறைந்த முயல் அதைத் தின்னாது, கொழுத்த முயலுக்குக் குனிந்தால் வாய் எட்டாது. களி முடியில் அப்பும். கருவாடு காயப்போடும் கரையில் ஈக்குப் பஞ்சமில்லை. அப்பிய இடத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு நெளியும், அடுத்த ஓரிரு நாளில் முயல் செத்துப்போகலாம். அதனால் பின்பக்கத்தைத் தினமும் ஒருமுறை, வெயில், மழைக்காலத்தில் இரண்டு முறை, தூக்கிப் பார்க்க வேண்டும்.

களியைத் தடுக்கும் மருந்து புல். முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் உலர்புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும், தீரத் தீர வையுங்கள். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும், பெல்லட் அந்த வேலையைச் செய்யாது. வெளிநாட்டு டிமோத்தி ஹே கூரியரில் வரவழைக்கலாம், நல்ல பொருள்தான். ஆனால் அது வந்துசேரும் விலையில் ஒரு மாதத்துக்கு உள்ளூர்ப் புல் தேடிவிடலாம். தரிசில் விளையும் கொழுக்கட்டைப் புல், அருகம்புல், மாட்டுக்காரர்கள் போடும் கோ-4 தீவனப்புல், எல்லாமே ஆகும். பூக்கும் முன் அறுத்து, நிழலில் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிக் காயவையுங்கள். தண்டை முறுக்கினால் ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. ஒரு கிலோ உலர்புல்லுக்கு நான்கைந்து கிலோ பச்சைப்புல் பிடிக்கும். சாக்கில் கட்டித் தரையில் வைத்தால் கடற்காற்று ஈரம் ஏறிப் பூசணம் வரும், விட்டத்தில் தொங்கவிடுங்கள். ஆர்.எஸ். மங்கலம், திருவாடானைப் பக்கத்து வைக்கோல் படுக்கைக்கும் வாய் அசைக்கவும் நல்லது, சத்து என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடலைக்கொடி நன்றாக உலர்ந்திருந்தால் கொஞ்சம் தரலாம், கறுப்பு பூத்திருந்தால் தொடவே வேண்டாம்.

முண்டு மிளகாய், பருத்தி வயல் வரப்புப் புல்லை அறுக்காதீர்கள், மருந்து தெளித்திருக்கும். ‘ஈரப்புல் போட்டால் வயிறு ஊதும்’ என்பார்கள். ஈரத்தால் ஊதுவதில்லை. அறுத்த புல்லைக் குவித்துவைத்து உள்ளே சூடேறிப் புளித்ததால் ஊதும். கழுவி உதறி உடனே வைத்தால் ஒன்றும் ஆகாது.

கீரையில் கொத்தமல்லி, புதினா, வேலிமசால் தினம் ஒரு கைப்பிடி. முருங்கை, அகத்தி இரண்டு மூன்று இணுக்குக்கு மேல் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து கூடினால் மூத்திரம் சேறாக இறங்கும். சவுண்டல் தழை தொடர்ந்து போட்டால் முடி கொட்டும். கேரட் என்பது முயலுக்கு மிட்டாய், ஒரு அங்குலத் துண்டு போதும். சீமைக்கருவேலங்காய் ஆட்டுக்குச் சரி, முயலுக்கு அந்தச் சர்க்கரை ஆகாது. வெங்காயம், பூண்டு, அரளி, எருக்கு, ஊமத்தை கூண்டுப் பக்கமே வரக்கூடாது. சோறு, இட்லி, முறுக்கு, பிஸ்கட் கொடுத்துப் பழக்கியவர்கள் வீட்டில்தான் அந்தக் களி அதிகம்.

ஷாம்பு. முயலைக் குளிப்பாட்டவே கூடாது. மயிர் அடர்த்தி, உள்ளே காய நேரமாகும், உடல் சூடு இறங்கும், பயத்தில் உதறிக்கொண்டு முதுகெலும்பை உடைத்துக்கொள்ளும். முயல் தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். பின்பக்கம் அப்பியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில் நனைத்த பருத்தித் துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள், தோல் மெல்லிசு. ஈரம் போக உலர்துணியால் ஒற்றி, கொஞ்சம் சோளமாவு தடவி, விரலால் கோதினால் மீதி உதிர்ந்துவிடும். மாவு மூக்குப் பக்கம் போகக்கூடாது. சீப்பு வைத்துக்கொள்ளலாம். முடி உதிரும் காலத்தில் தினம் வாரினால் முயல் விழுங்கும் முடி குறையும். புழுக்கை ஜெபமாலை மாதிரி முடியில் கோத்து வந்தால் சீப்பும் புல்லும் போதவில்லை என்று அர்த்தம். நகவெட்டி நல்லதுதான், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, உள்ளே தெரியும் சிவப்பு நரம்புக்கு முன்னால் நிறுத்துங்கள்.

மூக்கு நுனி, காது ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு தட்டினால் அது சொறி. அதற்குக் கற்பூரம் போட்ட தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நக்கிவிடும், கற்பூரம் விஷம். நாய்க்கு முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்து முயலை வலிப்பில் கொல்லும். கடையில் ‘எல்லாப் பிராணிக்கும்’ என்று எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சொறிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவர் எடைபோட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

செட்டில் இல்லாத ஒன்று வெயிலுக்கான ஏற்பாடு. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைத் தமிழ்நாட்டில் வளர்க்கும் நிலையங்கள் நீலகிரிச் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மன்னவனூரிலும் இருக்கின்றன, இரண்டும் குளிர்மலை. நம் ஊரில் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். கூண்டைத் தகரக் கொட்டகைக்குக் கீழே வைக்காமல் ஓலைக்கூரையிலோ வேப்பமர நிழலிலோ, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வையுங்கள். தண்ணி உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே போட்டால் அதன்மேல் சாய்ந்து படுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளை ஈரத்துணியால் நனைத்தபடியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் செட்டைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கூண்டு, ட்ரே, நகவெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு ஷாம்புவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு இரண்டு தடுக்கும் ஒரு மண்சட்டியும் வாங்குங்கள். மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் வினிகர்.